கேள்வி எந்த மொழியில்? – வெளியுறவுப் பணித் தேர்வின் முதல் கதவு

இந்திய வெளியுறவுப் பணி, அதாவது ஐ.எஃப்.எஸ். பற்றி எங்க பக்கம் பேச்சு வந்தாலே முதலில் விழும் வார்த்தை, "அதுக்கெல்லாம் இங்கிலீஷ் வேணும்ப்பா" என்பதுதான். சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் தமிழ்வழியில் ப்ளஸ் டூ முடித்து, அரசுக் கல்லூரியில் வரலாறு படிக்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவளிடம் இப்படிச் சொல்வது சரிதானா? யாருடைய வெற்றிக்கதையும் வேண்டாம், தேர்வின் விதிகளை வைத்தே பார்ப்போம்.

வெளியுறவுப் பணிக்கென்று தனித் தேர்வு கிடையாது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். எல்லாவற்றுக்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் அதே குடிமைப் பணித் தேர்வுதான். தரவரிசையும் விருப்ப வரிசையும் சேர்ந்து யார் தூதரகத்துக்குப் போவது என்று முடிவு செய்கின்றன. வருடத்துக்குச் சில பத்துப் பேர்தான் எடுக்கிறார்கள்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம், எந்த அந்நிய மொழி தெரியுமா என்று தேர்வு கேட்பதே இல்லை. அரபியோ சீனமோ ரஷ்யனோ, தேர்வான பிறகு ஒரு மொழியை ஒதுக்கிக் கற்றுக்கொடுக்கிறார்கள். அதில் தேறினால்தான் பணி உறுதியாகும். அதாவது ஒரு புது மொழியை இருபத்தைந்து வயதிலும் கற்கலாம் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு நடத்தும் பணி இது.

சரி, இங்கிலீஷ்? மெயின்ஸில் 300 மதிப்பெண்ணுக்கு ஒரு ஆங்கிலத் தாள் இருக்கிறது. 25 சதவீதம், அதாவது 75 எடுத்தால் போதும், அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. மற்ற தாள்களைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். சிந்துவெளி ஆய்வுகளுக்காக நாம் அறிந்த ஆர். பாலகிருஷ்ணன், இந்தத் தேர்வைத் தமிழில் எழுதி 1984-ல் ஐ.ஏ.எஸ். ஆனவர். ஆக, "இங்கிலீஷ் வேணும்" என்பதற்கு விதிப்படி அர்த்தம், அந்த 75 மதிப்பெண் அளவுக்கு வேணும் என்பதுதான்.

பூட்டு எங்கே இருக்கிறது?

இதுவரை படித்தால் எல்லாம் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மெயின்ஸுக்கு முன்னால் பிரிலிம்ஸ் என்று ஒரு கதவு இருக்கிறது. தலா 200 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள். பொது அறிவில் 100 கேள்வி, சி-சாட்டில் 80 கேள்வி. சி-சாட்டில் 33 சதவீதம் எடுக்காவிட்டால் முதல் தாளில் எவ்வளவு எடுத்தாலும் பிரயோஜனமில்லை. இந்த வினாத்தாள்கள் இரண்டே மொழிகளில் வருகின்றன: இந்தி, ஆங்கிலம். மெயின்ஸிலும், மொழி மற்றும் இலக்கியத் தாள்களை விட்டால், கேள்வி இதே இரண்டில்தான் அச்சாகிறது. விடையைத் தமிழில் எழுதலாம், ஆனால் கேள்வியைத் தமிழில் படிக்க முடியாது!

சி-சாட்டில் ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள். ஆராவைச் சேர்ந்த பையன் அதைத் தன் படிப்பு மொழியில் வாசிக்கிறான். நாரணாபுரத்துப் பெண் தன் இரண்டாம் மொழியில் வாசிக்கிறாள். நேரம் இருவருக்கும் இரண்டு மணிதான். பிரிலிம்ஸில் ஒரு தாளுக்கு உட்கார்ந்தாலே ஒரு வாய்ப்பு கழிந்துவிடும். அப்படிக் கழிவது அவளுடைய ஒரு வருடமும்கூட.

நான் தொழிலில் மென்பொருள்காரன். எங்களிடம் சோதனை எழுதும்போது அடிப்படை விதி ஒன்று உண்டு: எதைச் சோதிக்கிறாயோ அதை மட்டும் சோதி. கூட்டல் சரியாக வருகிறதா என்று பார்க்கும் சோதனை, நெட்வொர்க் மெதுவாக இருந்ததால் தோற்றால், பிழை கூட்டலில் இல்லை, சோதனையில்தான். பிரிலிம்ஸ் சோதிப்பது பொது அறிவையும் தர்க்கத்தையும். ஆங்கிலத்துக்குத் தனித்தாள் மெயின்ஸில் இருக்கிறது. அப்புறம் எதற்கு வரலாற்றுக் கேள்விக்குள் ஆங்கிலச் சோதனையை ஒளித்து வைப்பது?

மறுப்புகள்

"தூதராகப் போகிறவருக்கு ஆங்கிலம் தெரிய வேண்டாமா?" வேண்டும். ஆனால் பிரிலிம்ஸை முழுக்க இந்தியில் படித்து ஒருவர் தேறலாம் என்னும்போது, அங்கே ஆங்கிலம் கட்டாயத் தகுதி என்ற வாதம் அப்போதே விழுந்துவிடுகிறது. இந்திக்காரருக்குத் தேவைப்படாத தகுதி தமிழருக்கு மட்டும் ஏன்?

"இத்தனை மொழியில் தாள் தயாரிக்க முடியுமா?" முடிகிறது. நீட் 13 மொழிகளில் நடக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வு 2024 முதல் இந்தி, ஆங்கிலத்தோடு 13 பிராந்திய மொழிகளிலும் நடக்கிறது. கான்ஸ்டபிளுக்குத் தமிழில் கேட்க முடிகிற அரசுக்கு, தூதருக்குக் கேட்க முடியவில்லை. பாக் நீரிணையைத் தாண்டினால் இலங்கை வெளிநாட்டுச் சேவைக்கான போட்டிப் பரீட்சை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நடக்கிறது.

"மொழிபெயர்ப்பில் தப்பு வருமே?" இது ஒன்றுதான் கனமான மறுப்பு. 2018 நீட் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு வந்தது. ஒரு கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கருணையாகத் தரச்சொன்னது உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதே ஆண்டு உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நட்டப்பட்டது தமிழில் எழுதிய மாணவர்கள்தான். ஆகவே ஏனோதானோ மொழிபெயர்ப்பு வந்தால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். துறை தெரிந்தவர் தமிழில் எழுதி, இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமல் விடையளித்துச் சோதித்து, பக்கத்திலேயே ஆங்கிலத்தையும் அச்சிட வேண்டும். செலவுதான். ஆனால் தெரிந்த வேலை.

பழைய கதைதான்

ஐ.சி.எஸ். போட்டித் தேர்வு 1855-ல் தொடங்கியபோது யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றுதான் விதி. ஆனால் லண்டனுக்குப் போய் எழுத வேண்டும். கப்பல் காசு இல்லாதவனுக்கு அந்த "யார் வேண்டுமானாலும்" வெறும் எழுத்து. 1878-ல் வயது வரம்பையும் 21-லிருந்து 19 ஆக்கினார்கள். இந்தியாவிலும் தேர்வு வை என்று காங்கிரஸ் தன் முதல் மாநாட்டிலேயே, 1885-ல், கேட்டது. நடந்தது 1922-ல், அலகாபாத்தில். 37 வருடம்!

இடம் போய் மொழி வந்தது. எட்டாம் அட்டவணை மொழிகள் எல்லாவற்றையும் உயர் பணித் தேர்வுகளுக்கு மாற்று மொழியாக அனுமதிப்பதென்று 1968 ஜனவரியில் நாடாளுமன்றத் தீர்மானம் சொன்னது. கோத்தாரி குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 1979-ல்தான் அது மெயின்ஸுக்கு வந்தது. 2013 மார்ச்சில் அதையும் சுருக்கி ஓர் அறிவிக்கை வந்தபோது ஜெயலலிதாவும் கருணாநிதியும் எதிர்த்தார்கள், நாடாளுமன்றம் அமளியானது, அரசு பின்வாங்கியது. நல்லது. ஆனால் விடை எழுதும் மொழிக்கு எழுந்த சத்தத்தில் பாதிகூடக் கேள்வி கேட்கும் மொழிக்கு எழவில்லை.

ஐரோப்பாவில் இதே சண்டை நீதிமன்றம் வரை போனது. ஐரோப்பிய ஒன்றியப் பணித் தேர்வுகளின் அறிவிக்கை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மனில் மட்டும் முழுமையாக வந்தது. தேர்வரின் இரண்டாம் மொழியும் அந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். இத்தாலி வழக்குப் போட்டது. 2012 நவம்பர் 27-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தாலி பக்கம் தீர்ப்புச் சொன்னது. மொழியைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் பணிக்கு அது ஏன் தேவை என்று தெளிவான காரணம் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். நாமும் யு.பி.எஸ்.சி.யிடம் கேட்க வேண்டியது இந்தக் காரணத்தைத்தான். இந்தி இருக்கும் தாளில் தமிழ் இல்லாததற்குப் பணி சார்ந்த காரணம் என்ன?

அச்சுத் தொழிலை வைத்துப் பிழைக்கும் ஊர்ப்பக்கம் இது. ஒரே அச்சகத்தில் தமிழ்க் காலண்டருக்கு அடுத்து மலையாளமும் கன்னடமும் இந்தியும் ஓடும். பல மொழியில் அச்சடிக்க முடியாது என்று எங்க ஊர்க்காரரிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

விதி மாறும்வரை அந்தப் பெண்ணுக்கு ஒன்று சொல்லலாம். விடையைத் தமிழிலேயே எழுதம்மா, அதில் தயக்கமே வேண்டாம். ஆனால் பழைய பிரிலிம்ஸ் தாள்களை இன்றிலிருந்தே ஆங்கிலத்தில் படிக்கப் பழகு, குறிப்பாக சி-சாட் பத்திகளை, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு. உனக்கு அறிவு குறைவு என்பதால் இதைச் சொல்லவில்லை. கேள்வியைத் தப்பான மொழியில் கேட்கிறார்கள், அதற்காகத்தான் இந்தக் கூடுதல் வேலை.