விகடகவியைத் திருப்பிப் போட்டால்: பைத்தானின் ஸ்ட்ரிங்கும் லிஸ்ட்டும் ரசிக்க

பிளஸ் டூ கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தான் வந்துவிட்டது. ஸ்ட்ரிங், லிஸ்ட் இரண்டையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடிவிடுகிறார்கள் மாணவர்கள். வருத்தமான விஷயம். கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட அந்த மொழியின் குணம் இந்த இரண்டில்தான் பளிச்சென்று தெரியும். ரசிக்க ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்: ஒரு வேலையைச் சொல்லி முடித்த பிறகு, பழைய ஆப்ஜெக்ட் என்ன ஆயிற்று?

ஊர் = "மதுரை நகர்" என்று வைத்துக்கொள்வோம். (பைத்தான் 3-இல் மாறியின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், மெத்தட் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) ஊர்.ரீப்ளேஸ்("நகர்", "மாநகர்") என்றால் "மதுரை மாநகர்" வரும். உடனே ஊர் என்று மட்டும் தட்டினால், "மதுரை நகர்" அப்படியே இருக்கும். எந்த மெத்தடாலும் ஒரு ஸ்ட்ரிங்கைத் திருத்த முடியாது. மாற்றிய வடிவம் தனி ஸ்ட்ரிங்காகவே வந்து சேரும். அதனால்தான் டிக்‌ஷனரியில் அதைச் சாவியாக நம்பி வைக்கலாம்.

லிஸ்ட் நேர் எதிர். காய் = ["முருங்கை", "கத்தரி"] என்றிருக்க, காய்.அப்பெண்ட்("வெண்டை") என்றால் திரையில் ஒன்றுமே வராது. ஆனால் லிஸ்ட் வளர்ந்திருக்கும். மளிகை = காய் என்று இன்னொரு பெயர் கொடுத்திருந்தால், அந்தப் பெயரிலும் வெண்டை தெரியும்; இருப்பது ஒரே லிஸ்ட்.

சார்ட் மெத்தடும் இருக்கிற லிஸ்ட்டையே வரிசைப்படுத்திவிட்டு, வெறும் "நன்" என்ற மதிப்பைத் திருப்பித் தருகிறது. காய் = காய்.சார்ட்() என்று எழுதியவர்கள் லிஸ்ட்டையே பறிகொடுப்பது இதனால்தான். இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு: "பழைய வரிசை இனி இல்லை" என்று நினைவூட்டுவதற்காக. புது லிஸ்ட் வேண்டுமென்றால் சார்ட்டட் என்ற தனிச் செயற்கூறு இருக்கிறது. இரண்டுக்கும் உள்ளே ஓடிய டிம்சார்ட் முறையை டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதினார். தரவில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைத் தேடிப் பிடித்து இணைப்பது அதன் அழகு. சம மதிப்புள்ளவை முன்பின் மாறுவதில்லை. பெயர்வாரியாக அடுக்கிய மாணவர் பட்டியலை மறுபடி மதிப்பெண்வாரியாக அடுக்கினாலும், ஒரே மதிப்பெண் எடுத்தவர்கள் பெயர் வரிசையிலேயே நிற்பார்கள். ஜாவாவும் பிறகு இதை எடுத்துக்கொண்டது.

இப்போது விகடகவிக்கு வருவோம். திருப்பிப் படித்தாலும் அதே சொல். ஆனால் "விகடகவி"[::-1] என்று திருப்பச் சொல்லிப் பைத்தானிடம் கொடுத்து, மூலச் சொல்லோடு சமமா என்று கேட்டால், இல்லை என்கிறது! நீளத்தைக் கேட்டால் 7 என்கிறது. நம் கண்ணுக்கு எழுத்து 5. காரணம், யூனிகோடில் "வி" என்பது வ, இகரக் குறி என இரண்டு குறியீடுகள். பைத்தான் குறியீடுகளைத் திருப்புகிறது. முதலில் அநாதையாக ஓர் இகரக் குறி வந்து நிற்க, கடைசிக் "க", "கி" ஆகிவிடுகிறது.

வழி லிஸ்ட்டில் இருக்கிறது. ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தின் கெட்_லெட்டர்ஸ் இந்தச் சொல்லை ["வி", "க", "ட", "க", "வி"] என்று பிரித்துத் தரும். எழுத்துகள் என்று பெயரிட்டு அந்த லிஸ்ட்டை அதே [::-1] கொண்டு திருப்பி ஒப்பிட்டால், சமம் என்கிறது. திரும்ப ஒட்ட வேண்டுமென்றால் "".ஜாயின்(எழுத்துகள்). ஒட்டுவது லிஸ்ட் என்றாலும் மெத்தட் ஸ்ட்ரிங்குடையது. எதைக் கொடுத்து ஒட்டினாலும் விளைவது ஸ்ட்ரிங் என்பதால் அது அங்கே இருப்பதுதான் பொருத்தம்.

இன்னொன்றும் செய்து பார்க்கலாம். ["மரம்", "மனம்"] என்ற லிஸ்ட்டை சார்ட் செய்தால் "மனம்" முன்னால் வந்துவிடும். தமிழ் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. யூனிகோடிலோ ந-வுக்கு அடுத்தே அதன் இடம். சார்ட்டுக்குக் "கீ" என்ற பெயரில் நம்முடைய வரிசையைச் சொல்லித் தரும் செயற்கூறு ஒன்றைக் கொடுத்தால், "மரம்" முன்னே வரும்.