சாலையோரத்துச் சோலைமந்தி

"மன்னிச்சுக்கங்க சார், இன்னைக்கு ஒண்ணும் மாட்டல."

ஆனி மாத ஈரத்தில், வால்பாறைக்கு அப்பால் ஒரு மழைக்காட்டில் நான்கு மணி நேரம் நடந்து வெளியே வந்ததும் எங்கள் வழிகாட்டி சொன்னது இது. பக்கத்துக் காடர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர். பிறந்து வளர்ந்த காட்டுக்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லை தம்பி" என்று சொல்லக்கூட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம். திரும்பும் வழியில் புதுத்தோட்டத்தில் வண்டி சாலையோரம் நின்றது. பத்து நிமிடத்துக்குள் இருபது சோலைமந்திகள் வந்துவிட்டன. தார்ச்சாலையில் ஒன்று, தகரக் கூரையில் இரண்டு, குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு மதில் மேல் ஒன்று. எல்லார் முகமும் மலர்ந்தது. அந்த இளைஞருக்கு அன்பளிப்பும் கிடைத்தது.

மழைக்காட்டுக்குள் வழிகாட்டியோடு போய்வரும் பயணம் இப்போது பெரிய மோகமாகிவிட்டது. அதற்கு ஆதரவாகச் சொல்லப்படுகிறவற்றில் பலவற்றை நானும் ஒப்புக்கொள்கிறேன். முறையான அனுமதியில்லாத மலையேற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ காட்டியது. 23 உயிர்கள் போயின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியது நல்ல காரியம். காட்டை அறிந்தவனுக்குக் காட்டிலேயே கூலி கிடைப்பதில் எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு ஒன்றுதான், அது பழையதும்கூட. இந்தப் பயணங்களில் காட்டுக்கு மதிப்பெண் போடும் சொல் 'சைட்டிங்', அதாவது விலங்கு கண்ணில் படுவது. நல்ல சைட்டிங் என்றால் நல்ல காடு, நல்ல வழிகாட்டி, கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பயணம். இந்த அளவுகோல் புல்வெளியிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவின் சமவெளியில், நம் நாட்டின் வறண்ட புலிக்காடுகளில் அதற்கு ஓரளவு பொருள் உண்டு. அங்கே விலங்கின் தீவனம் தரையில் இருக்கிறது, பார்வையும் நெடுந்தூரம் போகும். மழைக்காட்டின் வாழ்க்கையோ நூறடி உயரத்தில், இலைக்கூரைக்குள் நடக்கிறது. மேலே விழும் வெயிலில் நூற்றில் ஓரிரு பங்குதான் தரையைத் தொடும். பழங்கள் ஒரே இடத்திலும் இல்லை, ஒரே மாதத்திலும் இல்லை. அவற்றைத் தேடிப் போகும் விலங்குகளும் பரவிக் கிடக்கின்றன. இருபதடிக்கு அப்பால் எதுவும் தெரியாமல் இருப்பதுதான் அந்தக் காட்டின் இயல்பு. அங்கே நான்கு மணி நேரம் நடந்து எதையும் காணாமல் வந்தோம் என்றால் காடு நன்றாக இருக்கிறது என்று பொருள்.

அப்படியானால் புதுத்தோட்டத்தில் மந்திகள் ஏன் பத்து நிமிடத்தில் கிடைத்தன? வால்பாறை மேட்டுநிலம் ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். 1890களில் தொடங்கி அங்கிருந்த மழைக்காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் வைத்தார்கள். மிஞ்சியது நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுச் சோலைகள். புதுத்தோட்டத்துச் சோலை அவற்றில் ஒன்று. ஒரு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது; 92 ஹெக்டேர். சோலைமந்தி மரத்திலேயே பிறந்து மரத்திலேயே சாகும் குரங்கு. உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது, மொத்தமே 4,000க்குள்தான் இருக்கும். அது தரையில் இறங்கித் தார்ச்சாலையில் உட்கார்ந்திருக்கிறது என்றால், கிளைக்குக் கிளை தாவ அதற்குக் கிளை இல்லை என்று பொருள். வண்டிச் சக்கரத்தில் அடிபடாமல் இருக்கச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள். ஆட்களை நிறுத்தி வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். எங்கள் வண்டி அந்தப் பாலத்துக்குக் கீழேதான் நின்றது. எட்டுப் பேரில் ஒருவர்கூட அண்ணாந்து பார்த்து இது எதற்கு என்று கேட்கவில்லை. சொல்லவேண்டியவருக்கும் சொல்ல நேரம் இல்லை, எங்கள் கைபேசிகளுக்கு வாகான இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

அங்கே மந்திகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறதே என்பார்கள். கூடித்தான் இருக்கிறது. சுற்றிலும் தேயிலையும் வீடுகளும் இருக்க, கூட்டம் பெருத்தால் அது எங்கே போகும்? வீட்டுக்குள் புகுந்து சமையற்கட்டைக் கலைக்கிறது, குப்பையைக் கிளறுகிறது. வேறொரு சோலைக்குப் போய்ச் சேர வேண்டிய இளம் ஆணுக்கு வழியில்லை. இதைப் பார்த்ததைத்தான் நாம் பேறு என்கிறோம்.

யானையும் அப்படித்தான். பச்சைத் தேயிலைச் சரிவில் கூட்டமாக நிற்கும் யானைகளைப் போல எளிதாகப் படம் பிடிக்கத்தக்கது வேறில்லை. காட்டிலிருந்து காட்டுக்கு அது நடந்த பழைய தடத்தின் மேல் தேயிலை நிற்பதால்தான் அது அங்கே தென்படுகிறது. அந்தச் சரிவுக்குக் கீழே லயத்து வீட்டில் இருக்கும் தொழிலாளிக்கு 2011 முதல் யானை வரும் சேதி குறுஞ்செய்தியாகப் போகிறது. இருட்டும்போது சிவப்பு விளக்குகள் எரிந்து எச்சரிக்கின்றன. அந்தச் செய்தி வந்த வீட்டில் குழந்தையை வெளியே விடமாட்டார்கள். அதே யானையைத் தேடித்தான் பயணக்காரர்களின் வண்டி சரிவுக்கு எதிரே வந்து நிற்கிறது.

இங்கேதான் ஆதரவாளர்களின் வலுவான வாதம் வருகிறது: கண்ணால் கண்டால்தானே காப்பாற்றத் தோன்றும்? இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. கண்டது எதை என்று கேட்காமல் அது நகர்கிறது. புதுத்தோட்டத்தில் மந்தியைக் கண்டவர் சென்னைக்குப் போய், "ரோட்டோரத்திலேயே எத்தனை இருக்கு தெரியுமா!" என்கிறார். அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் உயிரினம் ஏராளமாக இருக்கிறது என்ற எண்ணத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார். உண்மையான காட்டைப் பற்றியோ, "அங்கே ஒன்றுமே இல்லை" என்கிறார். பயணம் அவருக்குக் கற்றுத் தந்தது இதைத்தான், தலைகீழாக.

இது வால்பாறையோடு நிற்பதில்லை. போர்னியோத் தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் கினபாத்தாங்கான் ஆறு ஓடுகிறது. 560 கிலோமீட்டர் நீளம். அதன் கீழ்ப்பகுதியில் படகேறிப் போனால் ஓரிரு நாளில் தொங்குமூக்குக் குரங்கு, ஒராங்குட்டான், சில சமயம் குட்டை உருவ யானைக்கூட்டம்கூடத் தென்படும் என்று உலகமெல்லாம் விளம்பரம். தொங்குமூக்குக் குரங்கு இயல்பாகவே ஆற்றோர மரத்தில் இரவு தங்குவது, அதை விட்டுவிடலாம். மற்றவை அங்கே நெருக்கியடித்து இருப்பதற்கு ஒரு காரணம், கரையிலிருந்து சற்றே உள்ளே போனால் செம்பனைத் தோட்டம். 2005இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுமார் 26,000 ஹெக்டேரும் ஒரே காடாக இல்லாமல் ஆற்றை ஒட்டித் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. அதே மாநிலத்தில் தனும் பள்ளத்தாக்கு இருக்கிறது. 438 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கோடரி படாத காடு. அங்கே ஒராங்குட்டானைக் காண நாள்கணக்கில் நடக்க வேண்டியிருக்கலாம். சைட்டிங் கணக்கில் தனும் தோற்றுவிடும்.

இந்தக் கணக்கு வழிகாட்டியை என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிக்கிறது. காட்டியே ஆகவேண்டும் என்று ஆனபின் அவர் பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு அதை ஏமாற்றி வரவழைக்கிறார். பெருமரங்கள் போய் ஒன்றிரண்டு எஞ்சிய இடத்தில் இருவாச்சி கூடு வைத்தால் அந்த மரம் எல்லா வண்டிக்கும் தெரிந்துவிடுகிறது. பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்ட பெட்டைக்குப் பழம் கொண்டுவரும் ஆண், கீழே கூட்டத்தைக் கண்டால் இறங்கத் தயங்கும். இது வழிகாட்டிக்குத் தெரியாமல் இல்லை, எங்களைவிட நன்றாகத் தெரியும்.

வேறு மாதிரியும் முடியும். இலங்கையின் சிங்கராஜாவில் பறவைகள் பல இனங்கள் சேர்ந்து ஒரே கூட்டமாக இரைதேடும். ஒரு கூட்டத்தில் சராசரியாக நாற்பது பறவை. செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் பூச்சிகளைக் கிளப்பிவிட, கரிச்சான் பறந்து பிடிக்கும். அந்தக் கூட்டத்துக்காக ஒரே இடத்தில் காத்து நிற்கவும், எது முன்னே வரும் எது பின்னே வரும் என்று சொல்லவும் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி, வராத ஒரு மணி நேரத்தையும் பாடமாக்கிவிடுவார்.

எங்கள் இளைஞருக்கும் அந்த அறிவு இருந்தது. இரண்டாவது மணி நேரத்தில் தலைக்கு மேலே ரயில் எஞ்சின் மூச்சுவிடுவது போல ஓர் ஓசை கடந்துபோனது. "இருவாச்சி. ஒத்தைப் பறவை, ஆத்துப் பக்கம் போவுது" என்றார். இலைகளுக்கிடையில் ஒன்றும் தெரியாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. கொஞ்ச தூரம் போய்த் தரையில் கிடந்த வெடிப்பலாக் காயின் முள்தோலை எடுத்துக் காட்டினார். "மந்தி பிச்சது. மலையணில் கடிச்சா இப்படி இருக்காது. பாருங்க, உள்பக்கம் இன்னும் கறுக்கல. காலையிலதான் தின்னிருக்கு." சோலைமந்திக் கூட்டம் ஒன்று, வண்டிச் சத்தமும் சமையற்கட்டும் அறியாமல், தன் மரத்தில் தன் பழத்தைத் தின்றுவிட்டு எங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் அந்த வழியே போயிருக்கிறது.

வண்டி ஏறும்போது அவரைத் தனியாக அழைத்து, எதற்குத் தம்பி மன்னிப்புக் கேட்டீர்கள் என்றேன்.

"வர்றவங்க கடைசியா கேக்குறது 'என்ன பாத்தோம்'ங்கறதுதான் சார். தோலைப் பாத்தோம்னு சொன்னா யார் ஒத்துக்குவாங்க?" என்றார். அந்த முள்தோலை அதுவரை கையிலேயே வைத்திருந்தார். காட்டோரமாக அதை எறிந்துவிட்டு, புதுத்தோட்டத்துக்கு விடச்சொல்லி ஓட்டுநரிடம் சொன்னார்.