மலையடிவாரத்தில் நின்று மனத்தை அளப்பது

ஒரே நீளத்தில் இரண்டு கோடுகள். ஒன்றின் இரு முனைகளிலும் சிறகுகள் உள்ளே மடங்கியிருக்கும்; மற்றொன்றில் வெளியே விரிந்திருக்கும். விரிந்த கோடுதான் நீளம் என்று கண் சாதிக்கும். 1889-ல் முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட இந்தப் படம் இல்லாத உளவியல் பாடநூல் அரிது. இதே சோதனையை 1901-02-ல் நீலகிரிக்குக் கொண்டுவந்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். தோடர்களிடம் செய்து பார்த்தார். ஆங்கிலேயர் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. ஆனால் படுக்கைக் கோட்டையும் செங்குத்துக் கோட்டையும் ஒப்பிடும் வேறொரு படத்தில் அவர்கள் கூடுதலாக ஏமாந்தார்கள். 1898-ல் டாரஸ் நீரிணைத் தீவு மக்களிடமும் ரிவர்ஸ் இதையே கண்டிருந்தார்.

பழங்குடிகளின் புலன்கள் விலங்குகளைப் போலக் கூர்மையானவை, அறிவு மட்டும் மந்தம் என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு படத்தில் குறைவாகவும் மற்றொன்றில் கூடுதலாகவும் ஏமாறுகிற மக்களை அந்தத் தராசில் எப்படி நிறுத்துவது? காணும் கண்ணை வாழும் சூழலும் பழக்குகிறதோ என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு இன்றும் முற்றுப்புள்ளி விழவில்லை.

இந்த மலருக்கு உளவியல் மரபைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் ரிவர்ஸ்தான். வடக்கனந்தலில் நின்றால் கல்வராயன் தெரிகிறது. கோமுகி அணையைத் தாண்டிச் சாலை வெள்ளிமலைக்கு ஏறுகிறது. மேலே மலையாளிப் பழங்குடியினர், கீழே நாம். மனம் என்பது எல்லோருக்கும் ஒன்றா, யாரைக் கேட்டு அதைச் சொல்கிறோம் என்ற கேள்வி இந்த அடிவாரத்தில் உள்ளவர்களுக்குப் பாடநூல் கேள்வி மட்டும் அல்ல.

தமிழில் இந்த விசாரணை பழையது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் காட்டி, 32 ஆக விரிக்கிறது. அச்சம், வெகுளி, வியப்பு எதுவானாலும் மெய்யில் தோன்றுவதைக் கொண்டே அது பேசுகிறது. 1884-ல் வில்லியம் ஜேம்ஸ், உடலில் நேரும் மாற்றத்தை மனம் உணர்வதே உணர்ச்சி என்று வாதிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது இன்பம்தான். ஆனால் ‘அன்றே சொன்னோம்’ என்று மார் தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியர் செய்தது உயர்ந்த கவனிப்பு; கவிதைக்கு இலக்கணம் வகுக்கும் கவனிப்பு. நான் சொல்வது தவறாக இருந்தால் எதைக் கொண்டு கண்டுபிடிப்பீர்கள் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது இன்னொரு படி. உளவியல் அந்தப் படியில் ஏறித்தான் அறிவியல் ஆனது.

1879-ல் லைப்சிக்கில் வூண்ட் என்ற உளவியலாளர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். பயிற்சி பெற்றவர்கள் தம் அனுபவத்தைத் தாமே உள்நோக்கிச் சொல்வதுதான் அங்கே முக்கியச் சான்று. இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் சரி? வழியில்லை. 1913-ல் வாட்சன் என்ற உளவியலாளர், மனத்தை விடுங்கள், நடத்தையை மட்டும் பாருங்கள் என்றார். அவரே 1920-ல் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளெலியைக் கண்டால் அஞ்சும்படி பழக்கினார். அந்த அச்சத்தைப் போக்காமலே குழந்தையை அனுப்பிவிட்டார்கள். முறை கறாராக இருந்தது, மனச்சாட்சி இல்லை. பிராய்டின் சிந்தனைப் பள்ளி நேர்மாறு: நோயாளியின் பேச்சுக்கு மணிக்கணக்கில் செவிகொடுத்தது, சோதனைக்கு இடம் கொடுக்கவில்லை.

நம் நாட்டில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1916-ல் உளவியல் துறையைத் தொடங்கியது. பிராய்டோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த கிரீந்திரசேகர் போஸ் 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். மைசூரில் துறையை வளர்த்தவர் எம்.வி. கோபாலசுவாமி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943-ல் ஜி.டி. போவாஸ் தலைமையில் துறை பிறந்தது.

சிந்தனைப் பள்ளிகள் வரும், போகும். நான் மாணவரிடம் முதலில் கேட்பது முறையைத்தான். அதற்கு நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. விவசாயம் செய்கிற ஊர்களில் பூச்சிமருந்து டப்பா வீட்டுப் பரணிலேயே இருக்கும். மனம் உடைந்த ஒரு நொடியில் அது கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்புமா? சென்னையில் 1986-ல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் இதை ஆராய்ந்தார்கள். இரண்டு ஊர்களில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்கப் பொதுக் கிடங்கு. ஒப்பிட்டுப் பார்க்கக் கிடங்கு இல்லாத இரண்டு ஊர்கள். ஒப்பிட ஊர் இல்லாவிட்டால், தற்கொலை குறைந்தது கிடங்காலா, அந்த ஆண்டு நல்ல மழை பெய்ததாலா என்று எப்படிச் சொல்வது? ஊரார் ஏற்றுக்கொண்டார்கள், 2013-ல் வெளிவந்த முடிவு நம்பிக்கை தந்தது.

ஆனால் நான்கு ஊர் போதாது. இலங்கையில் அனுராதபுரப் பகுதியின் 180 ஊர்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, 90 ஊர்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வந்தது: பெட்டியால் நஞ்சருந்தல் குறைந்ததற்குச் சான்று இல்லை. பொதுக் கிடங்கும் வீட்டுப்பெட்டியும் ஒன்றல்ல. ஆகவே காட்டுமன்னார்கோவில் ஆய்வு பொய்த்தது என்று பொருளில்லை. கொடிய பூச்சிமருந்துகளுக்கு இலங்கை விதித்த தடையோ பலன் தந்தது. 1995-க்குப் பிறகு அங்கே தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. நல்ல எண்ணத்தோடு செய்த ஒன்று பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் அச்சிட்டார்களே, அதைத்தான் நான் தரம் என்பேன்.

உளவியல் துறையினர் எல்லோரும் அப்படி இருந்ததில்லை. 2015-ல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 36 விழுக்காடுதான் மறுபடி தேறியது. மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த குழந்தை பிற்காலத்தில் முன்னேறும் என்ற புகழ்பெற்ற சோதனை, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்தது. 2018-ல் 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை எடுத்துக் குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்தபோது, அந்தத் தொடர்பில் பெரும்பகுதி கரைந்துபோனது. நாளை சோறு உண்டா என்று தெரியாத வீட்டுப் பிள்ளை, கையில் கிடைத்ததை உடனே தின்பது புத்திசாலித்தனம் அல்லவா?

உலக மக்களில் சுமார் 12 விழுக்காட்டினர் வாழும் நாடுகளிலிருந்தே, முன்னணி உளவியல் இதழ்கள் ஆராய்ந்தவர்களில் 96 விழுக்காட்டினர் வந்தார்கள் என்று 2008-ல் ஒரு கணக்கு வெளியானது. அங்கே செய்த வினாநிரலை அகராதி பார்த்து மொழிபெயர்த்துக்கொண்டு மலையேறினால் என்ன கிடைக்கும்? ‘மனச்சோர்வு உள்ளதா’ என்றால் இல்லை என்பார்கள். ‘நெஞ்சு படபடங்குது, தலை பாரமா இருக்கு, ராவுல தூக்கம் வரல’ என்று சொல்ல வந்தவருக்கு அந்தத் தாளில் கட்டம் இருக்காது. பத்து முறை கேட்டாலும் ஒரே பதில் வருவதால் அது நம்பகமானதாகத் தோன்றலாம்; ஏற்புடையது ஆகாது.

தோடர்களின் புனிதச் சடங்குகளை ரிவர்சுக்குச் சொன்ன சிலர் வீட்டில் அடுத்தடுத்துத் துன்பம் நேர்ந்தது. ரகசியத்தை வெளியிட்டதால் வந்த தெய்வக் குற்றம் என்று குறிகாரர்கள் சொல்ல, அதற்குமேல் பேச ஆளில்லை. ரிவர்ஸ் இதை ஒளிக்காமல் தம் நூலில் எழுதியிருக்கிறார். கேட்கிறவர் ஊர் திரும்பிவிடுவார்; சொன்னவர்தான் அங்கேயே வாழ வேண்டும். 2024 ஜூனில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த கள்ளக்குறிச்சியில் இதை மறக்கவே கூடாது. துக்க வீட்டு வாசலில் சம்மதம் என்பது ஒரு கையெழுத்து அல்ல. வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும்.

கச்சிராயப்பாளையத்தில் பேருந்து ஏறி மலைக்குப் போகும் மாணவர்களே, போகுமுன் உங்கள் கேள்விகளை அங்குள்ள ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவர் வாய்ச்சொல்லில் திருத்திக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்ததும் இன்னொரு முறை மலையேறி, பதில் சொன்னவர்களிடமே முடிவைச் சொல்லிவிட்டு வாருங்கள்.