ஓசோன் வரைபடமும் நாம் இழுக்கும் மூச்சும்

2023 ஏப்ரலில் அமெரிக்கா ஒரு செய்தித்தொடர்புத் துணைக்கோளில் 'டெம்போ' என்னும் கருவியைப் பொருத்தி, நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது. வட அமெரிக்காவின் காற்று மாசைப் பகலில் மணிக்கொரு முறை பார்ப்பது அதன் வேலை. நாளுக்கு ஒருமுறை மட்டுமே தலைகாட்டிச் சென்ற பழைய துணைக்கோள்களால், காலையில் எழும் வாகனப் புகை வெயிலில் வெந்து பிற்பகலில் ஓசோனாவதைத் தொடர்ந்து காண இயலவில்லை. அவ்வகையில் இது பெரிய முன்னேற்றமே.

ஆனால் 'மக்கள் சுவாசிக்கும் ஓசோனை விண்ணிலிருந்து அளக்கிறோம்' என்று சொல்லும்போதுதான் நமக்குத் தயக்கம் ஏற்படுகிறது.

காற்றுமண்டல ஓசோனில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மிக உயரே, நம்மைக் காக்கும் படலமாக இருக்கிறது. மேலிருந்து பார்க்கும் கருவி அதை ஊடுருவித்தான் கீழே உள்ள சொற்பத்தைக் காண வேண்டும். 1990-இல் நாசாவின் ஜாக் ஃபிஷ்மன் குழுவினர் மொத்த ஓசோனிலிருந்து மேலடுக்கு ஓசோனைக் கழித்து மிச்சத்தைக் கணக்கிட்டனர். வண்டிக்காரரின் வெற்றிலைப் பையை எடைபோட, நெல்வண்டியைப் பையோடு ஒருமுறையும் பையின்றி ஒருமுறையும் நிறுப்பது போன்றது இது. நிறுவையில் சிறு பிழை நேர்ந்தாலும் பையின் எடை தவறிவிடும்.

டெம்போ இன்னும் நுட்பமானது. புறஊதாக் கதிரில் ஓசோனின் தடம் அழுத்தமாகப் பதியும். எனினும் காற்று அக்கதிரைச் சிதறடிப்பதால் தரைவரை சென்று மீள்வது குறைவு. கண்ணுக்குத் தெரியும் ஒளி தரையைத் தொட்டு மீளும். அதிலோ ஓசோனின் தடம் மங்கல். இரண்டையும் சேர்த்து, கீழேயுள்ள 2 கிலோமீட்டர் காற்றைத் தனியே அறிய முயல்கிறது டெம்போ. பாராட்டத்தக்க முயற்சிதான். ஆயினும் 2 கிலோமீட்டர் உயரம் மூக்கு மட்டம் ஆகாதே! மேலும், போக்குவரத்து மிகுந்த சாலையோரத்தில் புதுப்புகையின் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும். காற்று வீசும் திசையிலுள்ள புறநகரிலோ ஓசோன் மிகும். சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கட்டத்துக்கு ஒரே எண்ணைத் தந்தால் இந்த வேறுபாடு மறைந்துபோகும்.

இது வெறும் கணக்குத் தகராறு அல்ல. ஓசோன் மூச்சுக்குழாயைப் புண்படுத்தும், ஆஸ்துமாவைக் கிளறிவிடும். அமெரிக்காவில் 2015-இல் விதித்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியாக, நூறு கோடியில் 70 பங்கு. அதற்குச் சற்று மேலா, கீழா என்பதைப் பார்த்துத்தான் நோயாளிக் குழந்தையை வெளியே விளையாட விடலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குத் தரையிலுள்ள கருவிதான் வேண்டும். அங்கேயும் பல கவுண்டிகளில் அத்தகைய நிலையமே கிடையாது.

டெம்போவின் உண்மையான பலம் வேறிடத்தில் உள்ளது என்பது என் கருத்து. ஓசோனின் மூலப்பொருள்களைக் காட்டும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் ஃபார்மால்டிஹைடையும் அது தெளிவாகப் பார்க்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் வார இறுதியில் லாரிகள் குறைந்தபோது ஓசோன் கூடிய விந்தை நடந்ததுண்டு. அங்கே கரிம ஆவிகளையும் சேர்த்துக் குறைத்திருக்க வேண்டும். எந்த ஊரில் எதைக் குறைப்பது என்பதற்கு இவ்விரு வாயுக்களின் விகிதம் துப்புத் தரும். ஓசோன் வரைபடம் வெளியிடுவோர், வண்ணத்தின் பக்கத்திலேயே பிழை அளவையும், அருகிலுள்ள தரை நிலையத்தின் எண்ணையும் அச்சிடட்டும்.