எந்த நீர், எந்தச் சுவர், என்ன விசை

திரவத்தை அணு அணுவாகக் கணினியில் நடத்திப் பார்க்கும் மரபை 1964இலிருந்து எண்ணலாம். ஐதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் 864 ஆர்கன் அணுக்களின் அசைவைக் கணக்கிட்ட ஆண்டு அது. 1971இல் ஸ்டில்லிங்கருடன் சேர்ந்து 216 நீர் மூலக்கூறுகளுக்கு வந்தார்.

அந்த நீர் துளைக்குள் புகுந்து பேர் வாங்கியது 2001இல். ஹம்மர், ரசையா, நோவொரிட்டா மூவரும் 8.1 ஆங்ஸ்ட்ராம் விட்டமுள்ள கார்பன் நானோ குழாயைக் கணினி நீரில் அமிழ்த்தினார்கள். தண்ணீர் ஒட்டாத சுவர். உள்ளே காலியாகக் கிடக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நீரோ ஒற்றை வரிசையில் புகுந்து, கணக்கிட்ட 66 நானோ விநாடியும் உள்ளேயே நின்றது. ஓட்டமும் சீராக இல்லை, விட்டுவிட்டுப் பாய்ந்தது. கார்பன் நீரை ஈர்க்கும் வலுவைக் கொஞ்சம் குறைத்ததும் குழாய் நிரம்புவதும் வற்றுவதுமாகத் தடுமாறியது.

நீரைத் தள்ளும் விதத்தில்தான் கட்சிகள் பிரிகின்றன. ஒரு கட்சி ஒவ்வொரு மூலக்கூறுக்கும் புவியீர்ப்பு போல ஒரு விசை கொடுக்கும். எளிய வழிதான், ஆனால் முடிவில்லாக் குழாயாக வைத்துக்கொண்டால் வாயிலில் நீர் படும் தடை கணக்கில் வராது. இன்னொரு கட்சி இருபுறமும் தொட்டி வைத்து பிஸ்டனால் அழுத்தும். சில நானோ விநாடிக்குள் ஓட்டம் தெரிய வேண்டுமே! அதற்காகச் சில சமயம் நூற்றுக்கணக்கான வளிமண்டல அழுத்தம் கொடுக்கிறார்கள். மூன்றாம் கட்சி தள்ளுவதே இல்லை. சும்மா இருக்கும் நீர் சுவர்மேல் செலுத்தும் விசையின் ஏற்றத்தாழ்விலிருந்தே உராய்வைக் கண்டுபிடித்துவிடும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. வழவழப்பான குழாயில் நடுவிலும் ஓரத்திலும் நீரின் வேகம் ஏறக்குறைய ஒன்றே. தள்ளும் வழிகளில் அந்தத் துளி வித்தியாசத்தை நீட்டித்தான், சுவரில் நீர் எவ்வளவு நழுவுகிறது என்று சொல்லும் நழுவல் நீளத்தைக் கணிக்கிறார்கள். வேகம் மாறும் சரிவில் சிறு பிழை வந்தாலும் விடை எங்கோ போய்விடும். கார்பன் குழாய்களுக்கு வெளியான நழுவல் நீளங்களை 2013இல் கண்ணம் குழுவினர் தொகுத்தபோது, அவை 1 முதல் 5,00,000 நானோமீட்டர் வரை சிதறிக் கிடந்தன.

கணினி நீரிலும் வகை உண்டு; ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. உயிரியல்காரர்கள் விரும்பும் டிப்3பி நீரின் பாகுத்தன்மை நிஜ நீரில் மூன்றில் ஒரு பங்குதான். டிப்4பி/2005 நிஜத்தை நெருங்கும். நீரின் பெயர் சொல்லாமல் வேகம் மட்டும் சொல்லும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

2016இல் பாரிஸில் செக்கி, போக்கே குழுவினர் கணினியில் அல்லாமல் நிஜமான தனிக் குழாய்களிலேயே ஓட்டத்தை அளந்தார்கள். கார்பனில் நீர் நழுவியது. அதுவும் குழாய் குறுகக் குறுக அதிகமாக. அதே வடிவமுள்ள போரான் நைட்ரைடில் நழுவலே தென்படவில்லை. ஆரத்தோடு மாறும் அந்த நழுவலுக்கு 2022இல் கவோகின் குழு ஒரு விளக்கம் தந்தது: சுவரின் எலக்ட்ரான்களும் நீரோடு உராய்கின்றன. அணுக்களிடையே விசையைக் கணக்கிடும் நமது வழக்கமான விசைப்புலங்களில் அசையும் எலக்ட்ரானுக்கு இடமே கிடையாது.