குழந்தையை வெளியே நிறுத்தும் சிரிப்பு

லண்டன் பலேடியத்தில் நடந்த ‘டிக் விட்டிங்டன்’ 2018இல் ஒலிவியர் விருது பெற்றது. நகைச்சுவை நடிகர் ஜூலியன் கிளாரியின் இரட்டை அர்த்த வசனங்களுக்குப் பேர்போன பாண்டோமைம் அது; அதாவது, பிரிட்டனில் கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பத்தோடு பார்க்கும் வேடிக்கை நாடகம். குழந்தைகளுக்கு அந்த வசனங்கள் புரியப்போவதில்லை, கூட வரும் பெரியவர்களுக்கும் ஏதாவது வேண்டும், எப்படியும் இதுதானே மரபு என்பது இவ்வகை நகைச்சுவைக்காகப் பேசுவோரின் வாதம்.

பாண்டோமைமின் பெருமைகளை நான் மறுக்கவில்லை. பிரிட்டனின் பல ஊர் அரங்குகள் ஆண்டைக் கடத்துவதே கிறிஸ்துமஸ் கால வசூலால்தான். பல பிள்ளைகள் முதன்முதலில் பார்க்கும் நாடகமும் இதுவே. ஆண் நடிகர் கிழவி வேடம் கட்டும் ‘டேம்’ பாத்திரம் நல்ல நடிகர் கையில் அருமையான கலை.

ஆனால் மரபு என்கிறார்களே, எந்த மரபு? 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டோமைம் நடிகர் ஜான் ரிச் ஹார்லெக்வினாக ஆடிப் புகழ்பெற்றது வாய் திறக்காமல். இத்தாலிய முகமூடி நாடகத்திலிருந்து வந்த அந்தக் குறும்பன் உடம்பாலேயே கதை சொன்னான். பிறகு வந்த கோமாளி நடிகர் ஜோசப் கிரிமால்டி, லண்டனின் கோவென்ட் கார்டன் மேடையில் காய்கறிகளைச் சேர்த்து ஒரு ஆளைச் செய்வார்; அது உயிர்பெற்று அவரோடேயே குத்துச்சண்டைக்கு நிற்கும். அதற்குச் சிரிக்க வயது தேவையில்லை. தாத்தாவும் பேரனும் ஒரே நொடியில், ஒரே காரணத்துக்காகச் சிரிக்க முடிந்தது.

1843ஆம் ஆண்டுச் சட்டம் சில அரங்குகளுக்கே இருந்த வசன நாடக உரிமையை மற்றவற்றுக்கும் திறந்துவிட்டது. பாண்டோமைமில் சிலேடை பெருகியது, உடம்பு பின்னுக்குப் போனது. 1879 முதல் லண்டனின் ட்ரூரி லேன் அரங்கை நடத்திய அகஸ்டஸ் ஹாரிஸ், மியூசிக் ஹால் நட்சத்திரங்களை வரிசையாகக் கூட்டிவந்தார். மதுவும் புகையுமாகப் பெரியவர்கள் கூடிய இடத்தின் நகைச்சுவை அவர்களோடு உள்ளே வந்தது. 1882இலேயே டேவன்போர்ட் ஆடம்ஸ் என்ற விமர்சகர் இதைக் கண்டித்து எழுதினார். ஆக, இன்று மரபென்று காட்டப்படுவது பிற்பாடு ஒட்டிக்கொண்ட அடுக்கு; ஒட்டிய காலத்திலேயே ஆட்சேபிக்கப்பட்டது. ஹாரிஸ் அழைத்துவந்த டான் லீனோவின் டேம்கூடச் சிரிக்கவைத்தது ஆபாசத்தால் அல்ல. வறுமையோடு மல்லுக்கட்டும் ஒரு பெண்ணின் பேச்சாலும் நடையாலும்.

குழந்தைக்குப் புரியாது என்பதைச் சமாதானமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுதான் குற்றச்சாட்டு. அரங்கம் வெடித்துச் சிரிக்கும்போது ஏழு வயதுப் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. காரணம் தெரியாமல் தானும் சிரித்துவைக்கிறது. அதுவரை கதையில் டிக்கின் பூனைக்கு என்ன ஆகுமோ என்று பதறிக்கொண்டிருந்த பிள்ளை அது. கதை அங்கே அறுந்துவிட்டது. மேடையில் இருப்பவர்களே கதையை நம்பவில்லை என்பதும் அதற்குத் தெரிந்துவிட்டது. தனக்காக எழுதப்பட்ட நாடகத்தில் ஒரு குழந்தையை அந்நியமாக்குவது கொடுமை. நடிகரின் எந்தச் சாமர்த்தியமும் அதை ஈடுகட்டாது.

பெரியவர்களுக்கான நகைச்சுவைக்கு லண்டனில் ஆண்டு முழுவதும் இரவு மேடைகள் இருக்கின்றன. பல குழந்தைகளுக்கு வாய்ப்பதோ டிசம்பரில் ஒரே ஒரு மதியக் காட்சி. அதிலும் பங்கு கேட்பவர்களுக்கு விருது கொடுத்திருக்கக் கூடாது.