விழுந்த எண் மூன்று

மூன்று இரவு உட்கார்ந்து ஒரு வில்லனைக் கட்டினேன். முதல் சுற்றிலேயே, ஒரு அடிகூட அடிக்காமல், அவன் கதை முடிந்திருக்க வேண்டும். நான் பொய் சொன்னதால் முடியவில்லை.

விளையாட்டின் பெயர் மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ். ஸ்டீவ் கென்சன் வடிவமைத்து, அமெரிக்காவின் கிரீன் ரோனின் நிறுவனம் 2002-இல் முதலில் வெளியிட்டது. நாங்கள் ஆடுவது அதன் மூன்றாம் பதிப்பு. நான்கு பேர் ஆளுக்கொரு சூப்பர் ஹீரோ. ஐந்தாவது ஆள் கேம் மாஸ்டர். வில்லன், போலீஸ், பாலத்தில் மாட்டிக்கொண்ட பேருந்து ஓட்டுநர் எல்லாமே அவர்தான். எங்கள் மேசையில் அது நான்.

இந்த நூலின் மையத்தில் இருப்பது பவர் லெவல் என்ற ஒற்றை எண். வழக்கமாக 10-இல் தொடங்குவார்கள். ஹீரோவைக் கட்ட 150 புள்ளிகள். தாக்குதல் திறனும் அடியின் வலுவும் சேர்ந்து 20-ஐத் தாண்டக்கூடாது. விலகும் திறனும் தாங்கும் திறனும் சேர்ந்து 20. உடலுறுதியும் மனவுறுதியும் சேர்ந்து 20. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்தால் வாயில் எச்சில் ஊறும். வரம்பு போட்டாச்சு, இனி எதுவும் உடையாது என்று நம்பிவிடுவோம்.

நானும் நம்பினேன். என் வில்லன் மலை மாதிரி ஆள்: உடலுறுதி 14, மனவுறுதி 6. கணக்கு சரியாக 20. நான்கு பேரும் விடிய விடிய அடித்தாலும் தாங்குவான் என்று நினைத்தேன்.

முதல் முறை தோழியுடையது. அவளுடைய ஹீரோ அடுத்தவர் மனதைப் பிடிப்பவள். பார்வை பட்டால் போதும், குறி வைக்கக்கூட வேண்டாம். அவள் சக்தியின் அளவு 10, அதனால் வில்லன் எட்டவேண்டிய எண் 20. இருபது பக்கப் பகடையை உருட்டி ஆறைக் கூட்ட வேண்டும். எட்டோ அதற்குக் கீழோ விழுந்தால் பாதி அடிமை. மூன்றோ அதற்குக் கீழோ விழுந்தால் முழு அடிமை. திரைக்குப் பின்னால் உருட்டினேன். மூன்று விழுந்தது.

“பதினேழு. தப்பிச்சுட்டான்” என்றேன்.

சண்டை இரண்டு மணி நேரம் நடந்தது. எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். கிளம்பும்போது அவள் மட்டும் கேட்டாள்: “மூணுதானே விழுந்துச்சு? பகடை சாய்ஞ்சு திரைக்கு வெளியே தெரிஞ்சுது.” நான் அசடு வழிந்தேன். “தோத்திருந்தா பரவாயில்ல. ஆனா நான் தோக்கலையே” என்றாள்.

அந்த வாக்கியத்தோடு நூலைத் திரும்பப் படித்தேன். பவர் லெவல் நமக்குத் தரும் வாக்குறுதி என்ன? இரண்டு பேர் நேருக்கு நேர் நின்றால் சமம் என்பது மட்டும்தான். ஆனால் சூப்பர் ஹீரோ கதையில் ஒருவர் எதிரே நால்வர் நிற்கிறார்கள். எல்லா எண்ணும் 10 என்று வைத்தால் ஒரு தாக்குதல் படும் வாய்ப்பு 55 சதவீதம். நான்கு பேர் அடித்தால் சுற்றுக்குச் சராசரியாக இரண்டுக்கு மேல் அடி விழுகிறது. வில்லனுக்கோ அந்தச் சுற்றில் ஒரே ஒரு முறை. இந்த விளையாட்டில் உயிர்ப்புள்ளிகள் கிடையாது. சமமான அடி பட்டால் ஐந்தில் ஒரு முறை ஆள் தள்ளாடிப் பாதிச் செயலை இழப்பான். மூன்று சுற்று தாங்கினாலே பெரிய விஷயம்.

சரி, பவர் லெவலை 13 ஆக்கினால்? ஹீரோக்களின் அடி படாது, பட்டாலும் உறைக்காது. ஒரு சாயங்காலம் முழுக்கச் சுவரில் முட்டிக்கொள்ள யாரும் வருவதில்லை. அடியாட்களைச் சேர்க்கலாம், நூல் அவர்களை ஒரே அடியில் விழுபவர்களாக வைத்திருப்பது நல்ல யோசனை. அவர்களும் ஒரு சுற்று நேரம்தான் வாங்கித் தருவார்கள்.

எண்களால் இதைத் தீர்க்க முடியாது என்பது கென்சனுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நூலின் உண்மையான சமன்பாடு ஹீரோ பாயின்ட் விதியில் இருக்கிறது. ஒவ்வொருவரும் சாகசத்தை ஒரு பாயின்டோடு தொடங்குகிறார்கள். அதைக் கொடுத்தால் பகடையை மீண்டும் உருட்டலாம். இரண்டாம் முறை பத்துக்குள் விழுந்தால் பத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கூடுதல் பாயின்ட் எப்படிக் கிடைக்கும்? அடி வாங்க வேண்டும். ஹீரோவின் ரகசியம் வெளியானால், வேண்டியவர் கடத்தப்பட்டால், தோற்றால் கிடைக்கும். கேம் மாஸ்டர் விதியை மீறி வில்லனைக் காப்பாற்றினாலும், பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பாயின்ட் தந்தாக வேண்டும். வில்லனிடம் இந்த நாணயம் கிடையாது.

காமிக்ஸ் படித்தவர்களுக்கு இந்த வடிவம் பழக்கமானது. முதல் சந்திப்பில் வில்லன் தப்புவான், இரண்டாவதில் ஜெயிப்பான், கடைசியில் விழுவான். கதாசிரியர் அதை எழுதிவிட்டுப் போகலாம். பகடை கையில் இருக்கிறவர்களுக்கு ஏன் அப்படி நடக்க வேண்டும்? ஒவ்வொரு தோல்வியும் அவர்கள் கணக்கில் வரவு வைக்கப்படுவதால்தான். சமன் ஒரு சண்டைக்குள் இல்லை, சாகசத்தின் முழு நீளத்தில் இருக்கிறது. நான் மூன்று இரவும் தப்பான அலகில் அளந்துகொண்டிருந்தேன்.

இந்த வகை விளையாட்டுகளில் இப்படி ஒரு நாணயம் புதிதல்ல. 1984-இல் டிஎஸ்ஆர் வெளியிட்ட மார்வெல் சூப்பர் ஹீரோஸில் கர்மா என்று ஒன்று உண்டு. கொலை செய்த ஹீரோ சேர்த்த கர்மா மொத்தத்தையும் இழப்பார். அங்கே நாணயம் ஹீரோவின் கையைக் கட்டியது. கென்சன் அதே கயிற்றைக் கேம் மாஸ்டர் கையிலும் கட்டினார்.

அன்று நான் மூன்று என்று சொல்லி, “அவன் எப்படியோ உதறிக்கொள்கிறான், இந்தா உனக்கு ஒரு பாயின்ட்” என்று நீட்டியிருக்கலாம். வில்லன் அப்போதும் தப்பியிருப்பான். ஆனால் அவள் செய்தது மேசையில் எல்லோர் முன்னும் நடந்ததாக இருந்திருக்கும். நான் திருடியது வெற்றியைக்கூட அல்ல, அது நடந்தது என்ற செய்தியை.

இந்த விதியில் எனக்கு ஒரு குறையும் உண்டு. விலை கொடுத்துவிட்டால் எதையும் பறிக்கலாம் என்ற மிதப்பைக் கேம் மாஸ்டருக்குத் தந்துவிடும். ஒரே வில்லன் மூன்றாம் முறை தப்பும்போது பாயின்ட் லஞ்சமாகிவிடுகிறது. பிரெண்டன் கான்வேயின் மாஸ்க்ஸ் (2016) இதை வேறு வழியில் கடக்கிறது. அதில் வில்லனுக்குக் காயமே இல்லை. பயம், கோபம், குற்றவுணர்வு, நம்பிக்கையின்மை, தன் மேலேயே சந்தேகம் என்ற ஐந்து நிலைகள்தான். ஒவ்வொன்றும் விழும்போது அவன் உடனே எதையாவது செய்தாக வேண்டும்: கோபம் வந்தால் பாலத்தை உடைப்பான், பயந்தால் ஓடுவான். அவன் தப்பிப்பதற்கு ஒரு மனக்காரணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் 14-ஐயும் 6-ஐயும் இழுத்துப் பொருத்தி, எதிராளியின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் குறும்பான சந்தோஷம் அங்கே இல்லை. என் தோழிக்கு அந்த விளையாட்டு பிடிக்கவில்லை. அவள் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவள்.

அடுத்த வாரம் திரையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். போன தடவை மூன்று விழுந்தது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, தரவேண்டிய பாயின்டுக்கு ஒரு பழைய ஐம்பது பைசாவை அவள் முன் வைத்தேன்.

“வட்டி?” என்றாள்.